ஓடாத புல்லட் ஒரிஜினலா?

இன்னைக்கு ஒரு நம்பர் பிளேட்டில் இருந்து ஆரம்பிக்கலாம்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு விதியைக் கொண்டு வந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய டூவீலர், கார் எதுவா இருந்தாலும் அதை ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். அதுக்கப்புறம் புதுப்பிக்க 5,000 ரூபாய். பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் ‘விஏ’ என்று வரும்.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனா ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, வண்டி அதோட அசல் வடிவத்தில் இருக்கணும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலயும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ரெண்டு, அதைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு எடுத்துப் போகலாம், ராலிக்குப் போகலாம், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாம். காய்கறி வாங்கப் போகக் கூடாது.

இந்த ரெண்டு வரிக்குள்ள ஒரு பழைய சண்டை ஒளிஞ்சிருக்கு. பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பது எதுக்கு? அது பிறந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே காப்பாற்றுவதற்கா, ஓட்டி அனுபவிப்பதற்கா? உலகம் முழுக்க விண்டேஜ் ஆட்கள் இதை வெச்சு அடிச்சுக்கிறாங்க. இந்த எபிசோடில் அந்தச் சண்டையை நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வண்டியை வைத்துப் பார்க்கப் போகிறோம். வேற எது, புல்லட் தான்.

முதல்ல ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை எடுத்துக்குவோம். புல்லட்டுக்கு ஒரிஜினல் எது?

ராயல் என்ஃபீல்ட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த கம்பெனி. புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. நமக்குத் தெரிந்த புல்லட்டின் நேரடி மூதாதை 1948-ல்தான் பிறந்தது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்த ஒரு சோதனை வண்டியை அந்த வருஷம் சேற்றிலும் மேட்டிலும் நடக்கும் டிரையல் போட்டியில் இறக்கினார்கள். அப்போ பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. அதாவது குறுகின சிலிண்டர், நீளமான பிஸ்டன் ஓட்டம். இந்த ரெண்டு எண்ணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்கு எல்லை ரோந்துக்கு வண்டி தேவைப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக ஆர்டர் போனது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே இங்கேயே தயாராக ஆரம்பித்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ரெட்டிச்சில் வருஷா வருஷம் மாடலை மாற்றிக்கொண்டே போனார்கள். திருவொற்றியூரில் 1955 மாடலையே பிடித்துக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அந்த புல்லட் நின்றுபோனது. 1970-ல் அங்கே கம்பெனியின் உற்பத்தியே முடிந்தது. மெட்ராஸில் நிற்கவே இல்லை. 1977-ல் நம்ம ஊர் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகப் போனது. தாய் வீடு மூடிப்போன பிறகு, சீர்வரிசையை மகளே திருப்பி எடுத்துட்டுப் போன மாதிரி. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இங்கிலாந்தில் 1950களின் ரெட்டிச் புல்லட்டை வைத்திருந்தவர்களுக்கு உதிரி பாகம் தேவைப்பட்டபோது, பல பாகங்கள் மெட்ராஸில் இருந்து வாங்கினாலே பொருந்தின.

அப்போ யோசிச்சுப் பாருங்க. ரெட்டிச்சில் செய்த ஃபிரேம், மெட்ராஸில் வார்த்த சிலிண்டர். அந்த வண்டி ஒரிஜினலா இல்லையா? வரைபடம் ஒண்ணு, அச்சு ஒண்ணு, கை மட்டும் வேற.

இதோட மறுபக்கத்தை நம்ம ஊரில் பார்க்கிறேன். 1980களில் வந்த புல்லட்டின் டாங்க்கில் ‘என்ஃபீல்ட்’ என்று மட்டும்தான் இருக்கும். ‘ராயல்’ இருக்காது. அந்த வண்டியை ரெஸ்டோர் செய்யும்போது முதல் வேலையாக ‘ராயல்’ பேட்ஜை ஒட்டுகிறார்கள். இங்கிலாந்து பிராண்ட் கார்புரேட்டரைத் தேடி மாட்டுகிறார்கள். தொழிற்சாலையில் பெயிண்டுக்குள்ளே இருந்த பாகத்துக்கெல்லாம் குரோம் பூசுகிறார்கள். கண்ணாடி மாதிரி மின்னும். பார்க்கிறவங்க “செம ஒரிஜினல்” என்பார்கள். உண்மையில் அது எந்தத் தொழிற்சாலையிலும் எந்த வருஷத்திலும் பிறக்காத வண்டி. திருவொற்றியூர்த் தொழிலாளி செய்ததை அழித்துவிட்டு, ரெட்டிச்சில் நடக்காத ஒன்றை எழுதிய மாதிரி.

டாங்க்கில் ஓடும் அந்தத் தங்கக் கோட்டையும் பாருங்க. அது பல காலமாகக் கையால், பிரஷ் பிடித்து, ஒரே இழுப்பில் போடப்பட்ட கோடு. சென்னையில் ஒரு குடும்பமே தலைமுறையாக அதைச் செய்துவந்திருக்கிறது. கையால் போட்டதால் இடது பக்கத்துக் கோடும் வலது பக்கத்துக் கோடும் ஒரு நூல் வித்தியாசப்படும். ரெஸ்டோர் செய்பவர் அந்த வித்தியாசத்தைக் குறை என்று நினைத்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார். போனது என்னன்னா, ஒரு மனுஷனோட கை.

அதனால்தான் உலகத்தில் பல சேகரிப்பாளர்கள் இப்போ உரிந்துபோன பழைய பெயிண்டை அப்படியே விடச் சொல்கிறார்கள். புது பெயிண்ட் எப்போ வேணும்னாலும் அடிக்கலாம், பழசை மறுபடி கொண்டுவர முடியாது. இது நியாயமான பேச்சு. ‘அசலைக் காப்பாத்து’ கட்சிக்கு என் முதல் ஓட்டு இங்கே.

இப்போ எதிர்க்கட்சிக்கு வருவோம். ‘ஓட்டத்தான் வண்டி’ கட்சி.

இங்கிலாந்தில் சன்பீம் மோட்டார் சைக்கிள் கிளப் 1930-ல் தொடங்கிய பயனியர் ரன் என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. 1914 முடிவதற்குள் செய்யப்பட்ட வண்டிகள் மட்டும்தான் கலந்துகொள்ள முடியும். எப்சம் டவுன்ஸில் கிளம்பி தெற்குக் கடற்கரை வரைக்கும் போகிறார்கள். நூறு வயசு தாண்டிய வண்டிகள். சிலதுக்குக் கிளட்ச் கிடையாது. தள்ளிக்கொண்டு ஓடி, இன்ஜின் பிடித்ததும் தாவி ஏறணும். சிலதுக்குச் செயின் கிடையாது, தோல் பெல்ட்தான். ஆயில் தானாகச் சுற்றாது. ஓட்டுகிறவரே டாங்க் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை சில மைலுக்கு ஒரு தடவை அழுத்தணும். மேடு வந்தா கொஞ்சம் அதிகம், இறக்கத்தில் கொஞ்சம் கம்மி. எவ்வளவு என்பது பின்னால் வரும் புகையைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கைப்பம்பை மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு பித்தளைக் குழாய் தெரியும். 1912-ல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது என்றால் இன்ஜினுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் சோறு ஊட்டுவது என்பது தெரியாது. ஓட்டினால்தான் தெரியும்.

கவனிங்க, அந்த ஓட்டத்தில் சேர முதலில் வண்டியின் வயசை நிரூபிக்கணும். அசலா என்று கறாராகப் பார்க்கிறார்கள். பார்ப்பது எதுக்கு? ஓட்டுவதற்கு. நம்ம விதி அசலா என்று பார்த்துவிட்டு ஓட்டத்தைக் குறைக்கிறது. ரெண்டு பேரும் ஒரே சோதனையைச் செய்து நேர் எதிர் முடிவுக்கு வருகிறார்கள்.

ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2003 செப்டம்பரில் இங்கிலாந்தின் தேசிய மோட்டார் சைக்கிள் மியூசியத்தில் தீப்பிடித்தது. 300-க்கும் மேற்பட்ட வண்டிகள் எரிந்தன. ரோட்டில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று வைத்திருந்த வண்டிகள் அவை. பிறகு கருகிய ஃபிரேம்களில் இருந்து பலதையும் திரும்பக் கட்டினார்கள். மியூசியம் 2004 முடிவில் மறுபடி திறந்தது. அப்படிக் கட்டிய வண்டியில் எவ்வளவு பழசு, எவ்வளவு புதுசு? ஆனாலும் அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்களே, அதை நான் பெரிசா நினைக்கிறேன். அந்தக் கைகள் வந்தது வண்டியை ஓட்டி, உடைத்து, சரி செய்துகொண்டே இருந்தவர்களிடம் இருந்து.

சரி, அப்போ அனுபவம் கட்சிக்கே முழு ஓட்டா? பொறுங்க. அதிலயும் ஒரு பொய் இருக்கு. புல்லட் சத்தம்.

70-க்கு 90 ஞாபகம் இருக்கா? நீளமான ஸ்ட்ரோக், கனமான ஃபிளைவீல், வார்ப்பிரும்பு சிலிண்டர். இதனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் அணையாது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். ஐடிலிங்கில் நிமிஷத்துக்கு 1,000 சுற்று என்றால் 500 வெடிப்பு, நொடிக்கு எட்டு சொச்சம். அதை இன்னும் குறைத்தால் ஒவ்வொரு ‘டுப்’பும் தனித்தனியாகக் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே பல பேர் ஐடிலிங்கை ரொம்பக் குறைத்து, டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். சிக்னலில் நின்றால் திரும்பிப் பார்க்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் ஆயில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. இன்ஜின் மெதுவானால் பம்ப்பும் மெதுவாகிறது. கீழே பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் குறைகிறது. கேட்கிற காதுக்கு இசை, உள்ளே இரும்பு தேய்கிறது. பழைய புல்லட்டின் ஒரிஜினல் சத்தம் என்று நாம் கொண்டாடுவது, பல நேரம் தொழிற்சாலை வைக்காத ஒரு செட்டிங்.

அப்போ ரெண்டு பக்கமும் ஏமாத்து இருக்கு. காட்சிக்காக அழகு பண்ணுவதும் கற்பனை, ஜாலிக்காகத் திருகுவதும் கற்பனை.

இப்போ என் வீட்டுக் கணக்குக்கு வரேன். எங்க பெரியப்பாவிடம் 1971 புல்லட் ஒண்ணு இருக்கு. திருவள்ளூர் பக்கம் பம்ப்செட் மெக்கானிக்கா இருந்தவர். 80களில் பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் பெட்ரோல் இன்ஜினை விற்றுவிட்டு, சின்ன டீசல் இன்ஜின் ஒன்றை அவரே அதில் பூட்டினார். ஆர்.சி. புத்தகத்திலும் மாற்றி எழுதி வாங்கினார். அந்தக் காலத்தில் நாட்டில் பல இடங்களில் இப்படிச் செய்தார்கள். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, கம்பெனியே பின்னால் டாரஸ் என்று ஒரு டீசல் புல்லட்டை விற்றது. 325 சிசி, ஆறரைக் குதிரைத்திறன். வேகம் போகாது, உடம்பெல்லாம் நடுங்கும், ஆனால் ஒரு லிட்டரில் நம்ப முடியாத தூரம் போகும்.

என் அண்ணன், பெரியப்பா மகன், ‘விஏ’ பிளேட் வாங்கணும் என்கிறான். அதுக்கு டீசலைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டையில் ஒரு 350 பெட்ரோல் இன்ஜின் தேடிப் பிடித்து மாட்டணும். அப்போதான் ‘அசல் வடிவம்’. எனக்கு அதில் ஒரு விஷயம் இடிக்குது. வேற ஒரு வண்டியில் இருந்து வந்த இன்ஜின் இந்த வண்டிக்கு எப்படி அசல் ஆகும்? நாற்பது வருஷமாக அதில் இருக்கிற இன்ஜின் எப்படிப் போலி ஆகும்? எண்பதுகளின் பெட்ரோல் விலை, ஒரு பம்ப்செட் மெக்கானிக்கின் கை, ரெண்டு பிள்ளைகளின் ஃபீஸ், எல்லாம் சேர்ந்து செய்த வண்டி அது. அதை 1971-க்குத் திருப்பினால் நடுவில் நடந்ததைக் கிழித்துப் போடுகிறோம்.

“ஏன்டா, அதுல என்ன ஜாலி இருக்கு, அறுபதைத் தாண்டாது” என்று அண்ணன் கேட்கிறான். அதுவும் சரிதான். பெரியப்பாவிடம் கேட்டோம். அவர் சிம்பிளா சொன்னார்: “ஓடுற வண்டிய எதுக்குடா பிரிக்கிறீங்க?”

அவருக்கு இப்போ 78 வயசு. முழங்கால் போயிருச்சு, கிக்கர் அடிக்க முடியாது. டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்து, கிக்கரை வேகமாகச் சுழற்றி, சரியான கணத்தில் லிவரை விடணும். முந்தினால் கிக்கர் ரிட்டர்ன் அடித்துக் கணுக்காலைப் பேர்த்துவிடும். பிந்தினால் பிடிக்காது. எந்தக் கணம் என்று அவரால் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “இப்போ… இப்போ விடு” என்று சொல்லத்தான் தெரிகிறது. எனக்கு அது பிடிபட மூணு மாசம் ஆச்சு. அண்ணனுக்கு இன்னும் வரலை.

இதைத்தான் இந்த எபிசோடில் சொல்ல வந்தேன். ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் அசல் என்பது மூணு இடத்தில் இருக்கு. இரும்பில் இருக்கு. தோற்றத்தில் இருக்கு. மூணாவது, அதை இயக்கும் பழக்கத்தில் இருக்கு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று இருந்த பழைய புல்லட்டை ஓட்டத் தெரிந்த கால். ஆம்ப் மீட்டர் முள் நடுவில் வந்ததும் கிக்கரை மிதிக்கத் தெரிந்த கண். டாப்பெட் இடைவெளியைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது. இரும்பை மழை படாமல் வைத்தால் இன்னும் நூறு வருஷம் இருக்கும். மூணாவது ஒரு தலைமுறை ஓட்டாமல் விட்டாலே போயிடும். சட்டம் முதல் ரெண்டைத்தான் பார்க்கிறது.

அதுக்காக என்ன வேணும்னாலும் மாற்றலாமா? இல்லை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா, 1966-ல் தொடங்கியது. பின்னால் அது டூரின் சாசனம் என்று ஒரு ஆவணத்தை ஏற்றது. பழைய கட்டடங்களைக் காக்க 1964-ல் எழுதிய வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது. அதில் எனக்குப் பிடித்த ரெண்டு யோசனை உண்டு. பழைய வண்டியை ஓட்டுவதும் அதைக் காப்பாற்றுவதில் ஒரு பகுதி. பாதுகாப்புக்காகவோ சட்டத்துக்காகவோ எதையாவது மாற்றினால், திருப்பிப் பழையபடி ஆக்க முடிகிற மாதிரி மாற்று, கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வை.

நான் இதை வைத்துக்கொண்டு ஒரு கணக்கு போட்டிருக்கேன். டயர், பிரேக் லைனிங், கேபிள், விளக்கு: உயிர் சம்பந்தப்பட்டது, தயங்காமல் புதுசு போடு. பழைய 6 வோல்ட் விளக்கு மெழுகுவத்தி மாதிரி எரியும், அதை வைத்து இன்றைய ஜிஎஸ்டி ரோட்டில் இரவில் போவது வீரம் இல்லை. 12 வோல்ட் மாற்றினால் பழைய வயரிங்கை ஒரு பெட்டியில் போட்டு, என்றைக்குக் கழற்றினோம் என்று எழுதி வை. ஆனால் ஃபிரேமை அறுக்காதே. புது ஓட்டை போடாதே. இன்ஜின் நம்பரைத் தேய்க்காதே. பழைய பெயிண்ட் பாதியாவது இருந்தால் சுரண்டாதே. செய்த ஒவ்வொரு வேலையையும், செய்தவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுது. நாளைக்கு ஒருத்தர் 1971-க்கோ 1985-க்கோ போக ஆசைப்பட்டால் வழி திறந்திருக்கட்டும்.

பெரியப்பா வண்டிக்கு ‘விஏ’ பிளேட் வாங்கவில்லை. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை சாதாரணப் பதிவையே புதுப்பிக்கப் போகிறோம். இன்னும் எத்தனை தடவை கிடைக்கும் என்று தெரியாது. பழைய வண்டிகளுக்கான கட்டணமும் கெடுபிடியும் வருஷா வருஷம் ஏறுது. புகைச் சோதனையில் ஒருநாள் டீசல் மாட்டும், அப்போ இதே விவாதம் வீட்டில் மறுபடி வரும். காற்றைக் கெடுக்கிறோமே என்ற கேள்விக்கும் என்னிடம் முழு பதில் இல்லை. மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, போய்வர முப்பது கிலோமீட்டர், அவ்வளவுதான் எங்க ஓட்டம்.

உங்க வீட்டிலயும் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒண்ணு இருக்கலாம். புல்லட்டோ, எஸ்டியோ, ராஜ்தூத்தோ, லாம்ப்ரெட்டாவோ. ரெஸ்டோர் பண்ண ஷெட்டுக்குத் தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அதை ஓட்டினவரை வண்டி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைங்க. ஃபோனில் ரெக்கார்டிங்கைப் போட்டுட்டு, எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்கன்னு மட்டும் கேளுங்க. வர்ற பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா நாலஞ்சு சேர்ந்தால், ஒரு எபிசோட் முழுக்க அவங்க குரலிலேயே போடலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம். ஹெல்மெட் போட்டுக்கோங்க.